தொண்டிக் கடலுக்கு மின்சார அவுட்போர்டு மோட்டார் சரிப்படுமா?

காயில்கடை, தேவகோட்டை:

இருபது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், கிரைண்டர், மாவு மில் மோட்டார் எல்லாம் கை பழகியவை. கடலோடு எனக்குள்ள உறவு, தொண்டியில் தங்கையைக் கட்டிக்கொடுத்தது மட்டும்தான். மாப்பிள்ளை 22 அடி ஃபைபர் படகில் நண்டு வலை விடுகிறார். படகின் பின்பக்கம் மாட்டும் 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின். சாயங்காலம் வலையை விட்டு, விடியுமுன் போய் எடுத்து வருவதற்குள் 6 லிட்டர் தீர்ந்துவிடுகிறது. போன வாரம் கைபேசியில் மின் மோட்டாரில் ஓடும் படகு வீடியோ ஒன்றைக் காட்டி, "மச்சான், இது உங்கள் தொழில்தானே, எனக்கு ஒன்று செய்து கொடுங்கள்" என்றார்.

நான் போட்ட கணக்கு இது. 9.9 குதிரைத்திறன் ஏறக்குறைய 7.4 கிலோவாட். 12 வோல்ட், 150 ஆம்பியர் இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு வைத்தால் 7.2 யூனிட். முழு வேகத்தில் ஒரு மணி நேரம், பாதி வேகத்தில் இரண்டு மணி நேரம். காகிதத்தில் இவ்வளவு சுலபமாக வருவதுதான் பயமாக இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

டிஸ்டில்டு வாட்டர், காரைக்குடி:

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று உங்களுக்குப் பாதகம், இன்னொன்று சாதகம்.

பேட்டரி மீது எழுதியிருக்கும் 150, இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. ஒரே மணி நேரத்தில் உறிஞ்சினால் அதில் பாதி தேறினாலே அதிர்ஷ்டம். நான்கும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். வலை தொடாத மூன்று ஆட்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். மாப்பிள்ளையின் 6 லிட்டர் பெட்ரோலின் எடை நாலரைக் கிலோ. அதன் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது என்று வைத்தாலும் 10 யூனிட்டுக்கு மேல். அதே அளவை லித்தியம் பேட்டரியில் சுமக்க வேண்டுமென்றால் 90, 100 கிலோ ஆகும்.

சாதகம் என்னவென்றால், பாதி வேகத்துக்குப் பாதி சக்தி தேவையில்லை. மெதுவாகப் போகும் படகுக்கு வேகத்தைப் பாதியாக்கினால், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். மின்சாரப் படகு பிழைத்திருப்பதே இந்த ஒரு விதியால்தான்.

ஒரு எச்சரிக்கை. போர்வெல் மோட்டார் தண்ணீருக்குள்தானே ஓடுகிறது என்று தைரியம் கொள்ளாதீர்கள். அது நல்ல தண்ணீர். அலுமினிய உடலும் ஸ்டீல் தண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அதுவே ஒரு பேட்டரியாகி அலுமினியம் கரையத் தொடங்கும். அதற்குப் பதிலாகக் கரைவதற்கென்று ஒரு துத்தநாகத் துண்டைப் பூட்டுவார்கள். எங்கள் ஊரில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்தின் மதிலோரம் வளர்ந்துவிட்டு, துருவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நிலம் கொடுத்த அழகப்பச் செட்டியார் கோபித்துக்கொள்வார்.

நண்டுவலை, தொண்டி:

அண்ணன் கணக்கெல்லாம் சரி. எங்கள் கரையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவுதான். படகு தள்ளி நிற்கும். நாங்கள் நடந்துபோய் ஏறுவோம். பெட்ரோல் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். 50 கிலோ பேட்டரியைச் சேற்றில் கால் புதையப் புதைய யார் சுமப்பது? சார்ஜ் போட வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும், கடற்கரையில் பிளக் கிடையாது.

அடுத்தது வாடைக்காற்று. போகும்போது ஒரு பங்கு செலவானால், எதிர்க்காற்றில் திரும்பும்போது இரண்டு பங்கு. நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்தால் பக்கத்துப் படகுக்காரர் ஒரு பாட்டில் ஊற்றுவார். மின்சாரத்தை எந்தப் பாட்டிலில் ஊற்றுவது? கடல்புல் வேறு புரொப்பெல்லரில் சுற்றும். பெட்ரோல் எஞ்சின் திணறி நின்றுவிடும், நாங்கள் தூக்கி அறுத்துவிடுவோம். உங்கள் மோட்டார் என்ன செய்யும்?

காயில்கடை, தேவகோட்டை:

நிற்காது தம்பி. சுற்ற முடியாத மோட்டார் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்தும் கருவி தடுக்காவிட்டால் காயில் கருகிவிடும். அந்த வாசனை என் கடைக்குப் புதிதல்ல.

வேம்பநாட்டுக் காயல்:

ஊர் புதுவயல், வேலை கேரளத்து வைக்கத்தில். இங்கே 2017 முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு காயலின் எதிர்க்கரையில் உள்ள தவணக்கடவுக்குப் போய் வருகிறது. தினமும் ஒரே தூரம், இரண்டு பக்கமும் படகுத்துறை, அலை இல்லாத காயல். பேட்டரியை அந்தத் தூரத்துக்கு அளந்து வைக்கலாம். நண்டு எங்கே கிடக்கும் என்று அளந்து வைக்க முடியுமா? போவதற்கும் வருவதற்கும் பெட்ரோல் இருக்கட்டும். வலை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சிறிய மின் மோட்டாரைத் தொங்கவிடலாமே.

காயில்கடை, தேவகோட்டை:

இந்த யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. கடையில் கிடந்த சுருள் தராசை மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினேன். அலையில்லாத காலையில் அவர் படகை வேறொரு படகு கயிறு கட்டி, வலை எடுக்கும் வேகத்தில் இழுத்தது. கயிற்றின் நடுவில் தராசு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் முள் 8 கிலோவில் நின்றதாம். அதாவது சுமார் 80 வாட். மோட்டாரிலும் புரொப்பெல்லரிலும் பாதி வீணானாலும் 160 வாட், இரண்டு சீலிங் ஃபேன். இரண்டு மணி நேர வலைக்கு ஒரு யூனிட் லித்தியமே தாராளம். பத்துக் கிலோ, தோளில் போகும். எஞ்சின் சத்தம் இல்லாமல் வலை எடுக்கலாம் என்பதில்தான் மாப்பிள்ளைக்கு அதிக சந்தோஷம்.

தராசு நேற்றுத்தான் திரும்பி வந்தது. நாலே நாளில் கொக்கி முழுக்கத் துரு. துத்தநாகத் துண்டு காரைக்குடியில் எந்தக் கடையில் கிடைக்கும்?