எலும்பும் தோலுமா வந்த வண்டிக்குதிரைக்கு கொள்ளு போடலாமா?

ராயக்கோட்டை லாயம்:
காப்பகத்துக்கு நேத்து ராத்திரி ஒரு மட்டக்குதிரை வந்திருக்கு. விலா, இடுப்பெலும்பு எல்லாம் துருத்திட்டு இருக்கு. நிக்குது, தண்ணி குடிக்குது. நம்ம பக்கம் கொள்ளுக்குப் பஞ்சமில்ல. வேகவெச்சு தினம் 2 கிலோ போட்டா தேறிடும்னு தன்னார்வலர்கள் சொல்றாங்க. சரியா? குடற்புழு மருந்தும் இன்னைக்கே கொடுத்துடலாமா?

மத்திகிரி பசும்புல்:
கொள்ளு மூட்டையைக் கட்டி ஓரமா வைங்க. பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைச்சுத்தான் ஓடிட்டிருக்கும். அதுல திடீர்னு மாவுச்சத்து சேர்ந்தா இன்சுலின் ஏறும். ரத்தத்துல மிச்சமிருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள போயிடும். நல்லா தின்னுட்டிருந்த குதிரை மூணாம் நாள், அஞ்சாம் நாள் இதயம் தடுமாறி விழுறது இதனாலதான். கேழ்வரகு, மக்காச்சோளம், தவிடு, வெல்லம் எதுவும் 10 நாளைக்கு வேண்டாம்.

தர வேண்டியது குதிரை மசால் (லூசர்ன், அல்ஃபால்ஃபான்னு சொல்ற தீவனப் பயிர்). மாவுச்சத்து கம்மி, புரதமும் மக்னீசியமும் அதிகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல ஆராய்ச்சி பண்ணி வகுத்த முறை இது: 450 கிலோ குதிரைக்கு முதல் 3 நாள், காய்ஞ்ச மசால் 450 கிராம், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி 2 மணி வேளையையும் விடக்கூடாது. அப்புறம் மெதுவா கூட்டி, 6ஆம் நாள் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1.8 கிலோ. 10 நாள் தாண்டினா தின்னுற அளவு போடலாம்.

உங்களது மட்டக்குதிரை, அதனால எடை பாருங்க. முன்னங்காலுக்குப் பின்னாடி மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம், ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. 140ம் 120ம் வந்தா சுமார் 198 கிலோ. அப்போ வேளைக்கு 200 கிராம் போதும். பச்சை மசால்னா நாலஞ்சு மடங்கு எடை, ஒரு வேளை வெயில்ல வாடவெச்சு.

ராயக்கோட்டை லாயம்:
நன்றிங்க. மசால் வர ரெண்டு நாள் ஆகும். கையில ராகித் தாள்தான் இருக்கு. மாட்டுத்தீவனம் கலந்து கொடுக்கலாமா?

பாலக்கோடு கால்நடை:
மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் ரெண்டும் வேண்டவே வேண்டாம். சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும், குதிரைக்கு அது விஷம். ராகித் தாளை நறுக்கி, நனைச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து ரெண்டு நாளை ஓட்டுங்க. சத்து பத்தாது, அதனால மசாலை சீக்கிரம் வரவழைங்க. பூஞ்சை வாடை அடிச்சா அந்தக் கட்டையே தூக்கிப் போடுங்க.

குடற்புழு மருந்து அவசரப்பட வேண்டாம். புழு மொத்தமா செத்தா குடல் வீங்கும், அடைக்கும். உடம்பு நிலைச்சதும் டாக்டர் எடை பார்த்து கொடுப்பார். கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்கு இன்னைக்கே சொல்லி ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. இளைப்புக்குப் பசி மட்டும் காரணமா இருக்காது. விட்டுவிட்டு காய்ச்சல், வயித்தடியில நீர் கோத்த வீக்கம் இருந்தா சர்ரா (ஈ கடிச்சுப் பரவுற ரத்த ஒட்டுண்ணி நோய்) இருக்கான்னு பார்க்கணும். மூக்குச்சளி, தோல்ல முடிச்சு இருந்தா கிளாண்டர்ஸ்ங்கிற பாக்டீரியா நோய்க்குப் பரிசோதனை. அது மனுஷனுக்கும் ஒட்டும். முடிவு வர்ற வரைக்கும் தனி லாயம், தனி வாளி, கையுறை.

மத்திகிரி பசும்புல்:
தன்னார்வலர்களுக்கு ஒண்ணு சொல்லுங்க: ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு’ன்னுதான் பழமொழியே. மூணாவது வாரத்துல சமையல் எண்ணெய் 30 மில்லியில ஆரம்பிச்சு கூட்டலாம், கொள்ளு அதுக்கும் அப்புறம்தான்.