ஓஆர்7டி4: மண ஏற்பியா, முகர்வேற்பியா?

வணக்கம்.

கலைச்சொல் வரைவில் ‘ஆல்ஃபேக்டரி ரிசெப்டர்’ (சுருக்கமாக ஓஆர்; மூக்கில் வாசனைப் பொருளை உணரும் புரதம்) என்பதற்குத் தந்துள்ள ‘மண ஏற்பி’யை மாற்றக் கோருகிறேன். ‘ஏற்பி’ பழகிய சொல், அது இருக்கட்டும். சிக்கல் ‘மண’த்தில்தான்.

ஓஆர்7டி4-ஐ எடுத்துக்கொள்வோம். 19ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவின் புரதம், ஆண்பன்றியின் எச்சிலில் மிகுந்திருக்கும் ஆண்ட்ரோஸ்டீனோனை உணர்கிறது. அந்தப் பொருள் ஒருவருக்கு மூத்திர வாடை, இன்னொருவருக்கு வெனிலா போல இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. 2007இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டியது. புரதத்தின் அமினோ அமில வரிசையில் 88ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபான், 133ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் மெத்தியோனின் வந்தால் ஏற்பி பெரும்பாலும் செயலிழக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வாடை உறைப்பதும் குறைவு, அருவருப்பும் குறைவு. ஒரே மூலக்கூறு இப்படி ஆளுக்கொரு விதமாகத் தெரியும்போது பெயரில் ‘மணம்’ என்று எழுதினால், ‘நாற்றத்துக்குத் தனி ஏற்பியா?’ என்று மாணவர் கேட்பார்.

‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இனி மீட்க முடியாது. ‘நுகர்ச்சி’ பொருள் வாங்கிப் பயன்படுத்துவதைக் குறித்துக் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ‘மோப்பம்’ என்றாலே நாய் நினைவுக்கு வரும். நல்லது கெட்டது சொல்லாமல் செயலை மட்டும் சொல்வது ‘முகர்வு’. ஆகவே, முகர்வேற்பி.

---

ஐயா, வணக்கம். ‘முகர்வேற்பி’ எனக்கும் உடன்பாடு. ஒரு தடை எழும்: இதே வகை ஏற்பியான ஓஆர்1டி2 விந்தணுவிலும் இருக்கிறது, விந்தணு முகர்வதில்லையே? இந்த ஏற்பிகளின் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற அறிவியலாளர்கள் 1991இல் எலியின் மூக்குத் திசுவில் கண்டார்கள். பெயர் அந்த இடத்தை வைத்து வந்தது. விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது, ‘சூடோஜீன்’ என்பதற்கான ‘போலி மரபணு’ பற்றி. மனிதரில் வேலைசெய்யும் முகர்வேற்பி மரபணுக்கள் ஏறத்தாழ 400. பழுதானவை அதைவிட அதிகம். அவை போலிகள் அல்ல, ஒரு காலத்தில் இயங்கி, இடையில் நிறுத்தக்குறி விழுந்தோ டிஎன்ஏ எழுத்து விடுபட்டோ கெட்டுப்போனவை. ‘செயலிழந்த மரபணு’ என்றாலும் குழப்பம்தான்: மேலே சொன்ன இரு மாற்றங்கள் உள்ளவரிடம் ஏற்பி செயலிழந்திருக்கிறது, ஆனால் மரபணு முழுநீளப் புரதத்தைத்தான் தருகிறது. அதனால் ‘சிதைமரபணு’ என்கிறேன்.

இன்னொன்று. மரபணுவுக்கும் புரதத்துக்கும் குறியீடு ஒன்றே. ஆங்கிலத்தில் மரபணுவைச் சாய்வெழுத்தில் பிரிப்பார்கள். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு கண்ணுக்கு எடுபடாது. ‘ஓஆர்7டி4 மரபணு’, ‘ஓஆர்7டி4 ஏற்பி’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுவோம். எண்ணையும் எழுத்தையும் பிரிக்கவும் கூடாது: 7 குடும்பம், டி துணைக்குடும்பம், 4 அதில் உறுப்பினர்.