இடது கை கீழே

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுத்த அனுபவங்களை நண்பர்கள் எழுதுவதைப் படித்துவருகிறேன். என் பங்குக்கு, டர்பனில் நடந்த ஒன்று.

வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்தவன் நான். நான்கு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப்பேர் இந்த மண்ணின் சுலு இனத்து வீட்டுப் பிள்ளைகள். மீதிப்பேர் 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள். மூட்லி என்று பெயர்ப் பட்டியலில் இருப்பவன் முதலியார் வீட்டுப் பையன் என்று புரிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

தொடங்குவது எளிதாக இல்லை. பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் இங்கே பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். ஊரிலிருந்தும் போலீஸ் நற்சான்று வரவழைத்தேன். அலைச்சல்தான், ஆனால் மிக நியாயமான விதி. அடுத்தது மட்டைகள். பெரியவர்களின் பழைய மட்டைகளை அறுத்துக் கொடுத்தேன். அது என் தவறு. நீளம் குறைந்ததே தவிர தலைக் கனம் குறையவில்லை. சின்னவர்கள் தோளைத் திருகிக்கொண்டு அடித்தார்கள். பிறகு சிறுவர் மட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

சொல்ல வந்தது ஒரு பதினோரு வயதுப் பையனைப் பற்றி. வலக்கைக்காரன். வலக்கை ஆட்டக்காரர்கள் இடது கையை மேலேயும் வலது கையை அதற்குக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். அவன் நேர்மாறாகப் பிடித்தான். மூன்று ஞாயிறுகள் அவன் விரல்களைப் பிரித்து மாற்றி வைத்தேன். நான் நிற்கும்வரை நான் சொன்னபடி பிடிப்பான், பந்து புல்லில் உருளும். நான் நகர்ந்ததும் பழைய பிடிக்குப் போவான், பந்து பறக்கும். நான்காம் வாரம் மட்டையைத் தொடவே இல்லை. பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் அவனுடைய தாத்தா வந்தார். இளமையில் மைதானங்களில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமந்தவர். பேசியது ஆங்கிலம், அழைத்தது மட்டும் தமிழில்: “தம்பி, இது பாப்வாவின் பிடி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

பாப்வா செவ்கோலம் என்ற பெயரை ஒரு மைதானத்தின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன். அன்று அந்தப் பெரியவர் மர நிழலில் ஒரு மணி நேரம் பேசினார். டர்பனில் பை சுமந்த ஏழை இந்திய வம்சாவளி இளைஞர், யாரும் கற்றுத்தராமல், கைகளை மாற்றிப் பிடித்தே ஆடியவர். 1959, 1960, 1964 என மூன்று முறை நெதர்லாந்தின் கோல்ஃப் போட்டியான டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில், இந்த மாகாணத்தின் போட்டியான நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையர் அல்லாதவர் என்பதால் கட்டடத்துக்குள் விடவில்லை. மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். 1965இல் உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க வெள்ளையர் வீரர் கேரி பிளேயரையே முந்தி மீண்டும் அதே பட்டத்தை வென்றார். பிறகு பெரிய போட்டிகளில் ஆடவே தடை. 1978இல் இறந்தார். இத்தனையும் தெரியாமல், அவர் ஊரிலேயே, ஒரு பையனின் கையிலிருந்து அந்தப் பிடியைப் பிடுங்கப் பார்த்தேனே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறு ஞாயிறு பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் ஏழாம் எண் இரும்பு மட்டையை எடுத்துக்கொண்டு போனான். இப்போது புதிதாக வரும் எந்தப் பிள்ளையையும் முதலில் அதன் விருப்பப்படி இருபது பந்துகள் அடிக்கவிடுகிறேன். பிடியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

சென்ற ஆண்டு இந்தப் பிள்ளைகளை ஒரு கிளப்புக்கு ஒன்பது குழி ஆட அழைத்துப்போனேன். இருவருடைய சட்டையில் காலர் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உடை விதி எல்லாருக்கும் ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசலில் அவர்கள் நின்ற நிலையைப் பார்த்ததும் தாத்தா சொன்ன மழை நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. யாரும் ஆடவில்லை, எல்லாரும் திரும்பிவந்தோம். அன்றுமுதல் வண்டியின் பின்பெட்டியில் காலர் வைத்த சட்டைகள் ஆறு, பல அளவுகளில், எப்போதும் இருக்கும்.

ஓர் உதவி வேண்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பெண், உண்மையாகவே இடக்கைக்காரி. இடக்கைச் சிறுவர் மட்டை நன்கொடையாக வருவதே இல்லை. டர்பனிலோ ஜோகனஸ்பர்க்கிலோ யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.