சமுதாய வானொலித் தொடக்க விழா, நிதி திரட்டும் கச்சேரி: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வரவேற்பு மேசை:

எங்கள் சமுதாய வானொலிக்கு, அதாவது உள்ளூர் மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடக்கும் சின்ன எஃப்எம் நிலையத்துக்கு, நிதி திரட்டிய கச்சேரி முடிந்து பல நாள் ஆகியும் இது மனசை விட்டுப் போகவில்லை. மேடை, பேனர், நன்கொடைப் பெட்டி, மூன்று இசைக்குழு என்று எல்லாம் இருந்தது. நான் வாசலில் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் பணத்தை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "தம்பி, இது ரேடியோவுல எந்த நம்பர்ல வரும்?" என்று கேட்டார். சொன்னேன். "எழுதிக் குடு, மறந்துருவேன்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். பேனரில் நிலையத்தின் பெயர், சின்னம், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் இருந்தன. அலைவரிசை எண் இல்லை. ரசீதிலும் இல்லை. அதுவரை மேடையில் பேசிய ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மா உள்ளங்கையை நீட்டினார். பேனாவால் எழுதினேன். "இந்தப் புள்ளியும் வேணுமா?" என்றார். "வேணும்மா, புள்ளிக்கு அந்தப் பக்கம் மாறினா வேற ஸ்டேஷன் வந்துரும்" என்றேன். கையை மூடாமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்.

பணம் கேட்கத் தெரிந்த நமக்கு, ரேடியோவில் எங்கே கேட்கலாம் என்று சொல்லத் தெரியவில்லையே என்று இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

மேடையிலிருந்து:

நான் கச்சேரியில் வாசித்தவன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: ஸ்பீக்கர்காரருக்குப் பணம், விளக்குக்குப் பணம், நாற்காலிக்குப் பணம், வாசிப்பவனுக்கு மட்டும் "சேவை".

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, "இந்தக் கலைஞர்கள் ஒரு பைசாகூட வாங்காமல் நமக்காக வந்திருக்கிறார்கள்" என்றார். பலத்த கைத்தட்டல். பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அதுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. முன்னாடியே கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அந்த நிலையம் எனக்குப் பிடிக்கும், எங்களைப் போன்றவர்களின் பாட்டை வேறு யார் போடுகிறார்கள்? ஆனால் கேட்கவே இல்லை. கைத்தட்டலுக்கு நடுவே அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மீதிப் பாட்டுகளை அவன் தலை நிமிராமல்தான் வாசித்தான்.

நிர்வாகக் குழுவில் ஒருவர்:

மேடையிலிருந்து எழுதிய நண்பருக்கு. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த நிலையத்தில் நிகழ்ச்சி தயாரிப்பவர், அறிவிப்பாளர், கேபிள் இழுப்பவர் யாருக்குமே சம்பளம் கிடையாது. திரட்டுகிற பணத்தை அன்று மாலையே பங்கிட்டுக் கொடுத்தால் ஒலிபரப்புக் கருவியான டிரான்ஸ்மிட்டருக்கு என்ன மிஞ்சும்?

நேயர் பணத்தில் வானொலி நடத்துவது அவ்வளவு லேசு இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தின் கேபிஎஃப்ஏ நிலையம் 1949இல் நேயர் சந்தாவை நம்பித் தொடங்கியது. 1950இல் பணம் தீர்ந்து ஒலிபரப்பே நின்றுபோனது. நேயர்கள் பணம் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் 1951இல் திரும்ப வந்தது. முன்னோடி நிலையத்துக்கே அந்தக் கதி.

என் அனுபவம் வேறு மாதிரி. பெரிய தொகை கொடுத்த ஒருவர் "ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று மைக்கை வாங்கினார். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. தன் கடையின் தள்ளுபடியைச் சொல்லி, "எல்லாரும் குடும்பத்தோட வாங்க" என்று முடித்தார். ஆதரவாளர் பெயரைச் சொல்வது வேறு, விளம்பரம் வேறு. அமெரிக்காவில் வணிகம் சாரா நிலையங்கள் ஆதரவாளருக்கு நன்றி சொல்லலாம், ஆனால் "வந்து வாங்குங்கள்" என்று அழைக்க விதி இடம் தராது. எங்கள் உரிமத்திலும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒலியைக் குறைப்பதா, அவரை நிறுத்துவதா? ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் இருந்த பெண் என்னைப் பார்த்தபடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். நான் தலையசைத்தேன். அவர் இன்றுவரை எங்களிடம் பேசுவதில்லை.

மேடையிலிருந்து:

பங்கு யார் சார் கேட்டது? முதலில் சொல்லியிருக்கலாம் என்றுதான் எழுதினேன். உங்கள் தன்னார்வலர்கள் தெரிந்தே வந்தவர்கள். எங்கள் தம்பி வேன் வாடகை கொடுத்து வந்தவன்.

வீட்டிலிருந்து கேட்டவன்:

நான் அரங்குக்குப் போகவில்லை, ரேடியோவில்தான் கேட்டேன். பாடகியின் குரல் மட்டும் காதுக்குள் வந்து நிற்கிறது. டிரம்ஸ் எங்கோ பக்கத்துத் தெருவில் அடிப்பதுபோல. அதே நேரம் அரங்கிலிருந்து நண்பன் செய்தி அனுப்புகிறான்: "டிரம்ஸ் நெஞ்சுல அதிருதுடா!" இவ்வளவுதான் என் கதை. இனி நடத்தப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை, தயவுசெய்து படியுங்கள்.

அரங்கில் டிரம்ஸுக்கு மிக்ஸரில் பெரிதாக வேலை இல்லை, அது தானாகவே சத்தமாகக் கேட்கும். மின்கிட்டாருக்கும் அதன் ஆம்ப்ளிஃபையர் போதும். குரலைத்தான் தூக்கிவிடுவார்கள். அந்த மிக்ஸரின் முதன்மை வெளியீட்டை அப்படியே டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பினால் ரேடியோவில் குரல் மட்டும்தான் மிஞ்சும். ஒலிபரப்புக்குத் தனி மிக்ஸ் வேண்டும். மைக்குகளை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பிரித்து இன்னோர் அறையில், மேடைச் சத்தம் எட்டாத இடத்தில், ஹெட்ஃபோன் போட்டு ஒருவர் கலக்க வேண்டும். அவ்வளவு வசதி இல்லையா, அதே மிக்ஸரின் ஆக்ஸ் வெளியீட்டில் (தனியாக அளவு வைக்கக்கூடிய துணை வெளியீடு) ஒரு மிக்ஸ் அமையுங்கள். ஜனங்கள் பக்கம் பார்த்தபடி இரண்டு மைக் வைத்து அதையும் கொஞ்சம் சேருங்கள், இல்லாவிட்டால் பாட்டு முடிந்ததும் ஆளே இல்லாத இடம்போல ஆகிவிடும். ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் லிமிட்டர் கட்டாயம். கைத்தட்டல் திடீரென்று ஏறும்போது சிக்னல் எல்லை தாண்டி உடையும்.

அரங்குக்குள் ரேடியோவைச் சத்தமாக வைக்காதீர்கள். மேடை மைக் அதைப் பிடித்து ஊளையிடும். சிக்னல் பலவீனமாகச் சேரும் பகுதிகள் நிறைய என்றால், இடம் வலம் என்று இரண்டாகப் போகும் ஸ்டீரியோவை விட்டு ஒற்றை ஒலியான மோனோவில் ஒலிபரப்புங்கள், இரைச்சல் குறையும். ஒத்திகையைப் பதிவு செய்து, நேயர் வைத்திருப்பது மாதிரியான சின்ன ரேடியோவில் போட்டுக் கேளுங்கள். பாட்டு உரிமையையும் பாருங்கள். அரங்கில் பாடுவதற்கான அனுமதி ஒலிபரப்புக்கும் சேரும் என்று நம்பிவிடக் கூடாது.

அப்பாவுடன் கேட்டவள்:

மேலே எழுதிய அண்ணா சொல்வதெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் நல்ல ஒலிதான் எல்லாம் என்பதுபோல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. நான் அவருக்குத் தலையணை மாற்றிக்கொண்டிருந்தேன், ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ இருமுகிறார், ஒரு குழந்தை "இன்னொரு தடவை" என்று கத்துகிறது. நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அப்பா கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்று காட்டினார். அந்தக் கையை அவர் தூக்கி வெகுநாள் ஆகியிருந்தது. பாட்டை அல்ல, அந்த ஜனங்களைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆள் கூட்டத்திலேயே வாழ்ந்தவர்.

மறுநாள் மாதச் சந்தாவுக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது அப்பா இல்லை. சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து கேட்டவன்:

அம்மா, மன்னியுங்கள். ஜனங்கள் பக்கம் இரண்டு மைக் என்று எழுதினேனே, அது இதற்குத்தான்.

இடைவேளை நிரப்பியவள்:

ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அரங்கில் இருப்பவர் எழுந்து பேசிக்கொண்டிருப்பார். வானலையில் மௌனம் நிலவினால் நேயர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் அன்று என் வேலை.

எழுதி வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோய், ஸ்டுடியோவுக்குக் கதவு செய்து கொடுத்த தச்சர் ஓரமாக நிற்பதைப் பார்த்து அவரை அழைத்தேன். மைக்கைப் பார்த்ததும் முதலில் பின்வாங்கினார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள்! கதவின் இடுக்கில் சத்தம் கசியாமல் இருக்க ரப்பர் வைத்து அடைத்தது, கதவை மூடிவிட்டு உள்ளே ஒருவரைக் கத்தச் சொல்லி வெளியே காதை வைத்துக் கேட்டது எல்லாம் சொன்னார். அரங்கமே அமைதியாகிவிட்டது. அன்றைய இசையையெல்லாம் விட எனக்கு அதுதான் பெரிது. நடுவில் நிறுத்தி, "இப்ப நான் பேசுறது எங்கம்மாவுக்குக் கேக்குமா?" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம்.

இன்ஜினியரைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினார். மைக் திறந்திருக்கிறது, அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள் மேடை தயார் என்று சைகை வந்தது, டிரம்ஸ் தொடங்கிவிட்டது.

நிர்வாகக் குழுவில் ஒருவர்:

அக்கா, எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், மலை குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் சரியாகச் சேராது. இந்தியாவில் சமுதாய வானொலிக்கு வழக்கமாக 100 வாட் ஈஆர்பி (ஆன்டெனா வெளியிடும் பயனுறு சக்தி), அமெரிக்காவின் குறைந்த சக்தி எஃப்எம்முக்கும் 100 வாட்தான் உச்சம், அதுவும் நிலையத்திலிருந்து சுமார் 5.6 கிலோமீட்டர் தூரத்துக்குத்தான். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவின் உயரம்தான் அதிகம் உதவும், அதற்கும் உரிமத்தில் வரம்பு இருக்கும். பதிவை எடுத்து அவர் அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். இணைய ஸ்ட்ரீமிங்கும் இருக்கிறதே.

இடைவேளை நிரப்பியவள்:

பதிவை மறுநாளே கொடுத்துவிட்டேன். செல்போனில் போட்டு அம்மாவுக்குக் காட்டினாராம். ஆனால் அவர் கேட்டது "இப்ப கேக்குமா" என்று. அந்த அம்மாவிடம் ரேடியோதான் இருக்கிறது, ஸ்ட்ரீமிங் கேட்க வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்காக ஆன்டெனாவின் இடத்தை மாற்ற விண்ணப்பித்த நிலையம் ஏதாவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.