மூன்று நாள் எரிந்த மோட்டாருக்குக் கம்பி கட்டுகிற வைண்டிங் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து ஆபீசில் மனசு ஒட்டவில்லை

மன்னைக்காரன்:
வயது 29, ஊர் மன்னார்குடிப் பக்கம். பி.காம். முடித்து ஆறு வருடமாகச் சென்னையில் பில் சரிபார்க்கிற வேலை. கைக்கு வருவது 31 ஆயிரம், வாடகை சாப்பாடு போக வீட்டுக்குப் பத்து அனுப்புகிறேன். கஷ்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் யாராவது "இன்னைக்கு என்னப்பா பண்ணினே" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

2024-ல் மேட்டூரை ஜூன் 12-ல் திறக்காமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள் இல்லையா, அதற்கு நடுவில் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். குறுவை முழுக்க போர் தண்ணீரை நம்பி நின்றது. ஒருநாள் ராத்திரி மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனது தெரியாமல் ஓடி சித்தப்பாவின் மோட்டார் எரிந்துவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் எங்களுக்கு முன்னால் ஏழு மோட்டார் காத்திருக்கிறது, கடைக்கார அண்ணனுக்குக் கையாள் இல்லை. "சும்மா நிக்கிறதுக்கு பழைய கம்பியையாவது உரி தம்பி" என்றார். கருகிய காயிலை வெட்டி இழுத்து, ஸ்லாட்டில் ஒட்டிய பேப்பரைச் சுரண்டி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி, புதுக் கம்பியைச் சுற்றி ஒவ்வொரு இழையாக உள்ளே தள்ளி மேலே மூங்கில் சிம்பு அடித்து மூடுவது வரைக்கும் கூடவே இருந்தேன். மூன்றாம் நாள் வயலில் சுவிட்சைப் போட்டதும் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. நான் கத்திவிட்டேன், சித்தப்பா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஆபீசில் உட்கார முடியவில்லை. இதைக் கற்றுக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாமா? "கரி பூசிக்கவா படிக்க வச்சோம்" என்கிறார் அம்மா. பெண் பார்க்கிற பேச்சு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

வெட்டாற்றங்கரை:
தம்பி, நீ போனது அந்தக் கடைக்குத் திருவிழா சீசன். 2025-ல் ஜூன் 12-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், அப்போது போய்ப் பார்த்தாயா? வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் போர் ஓட்டம் குறையும், போர் ஓட்டம் குறைந்தால் எரிகிற மோட்டாரும் குறையும். ஊரே காவிரிக்குப் பூத்தூவுகிற நேரத்தில் நீ மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஃபேனும் மிக்சியும் வருமா என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் இப்படித்தான் 2017-ல் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு தென்னைதான் வாழ்க்கை என்று ஊருக்கு வந்தேன், அடுத்த வருடம் நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்து அத்தனையையும் படுக்கவைத்துவிட்டுப் போனது. வந்ததற்கு வருத்தமில்லை, ஒரு வருடச் செலவைக் கையில் வைக்காமல் வந்ததற்குத்தான் இன்னும் வட்டி கட்டுகிறேன்.

சாமிமலைப் பட்டறை:
நான் சிலை வேலை. மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிற வேலை. வெளியூர்க்காரர்கள் வந்து ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் பார்த்துவிட்டு "என்ன அருமையான தொழில்" என்பார்கள். அது ஒரு மணி நேரம் சார். மண்ணை உடைத்து எடுத்தபிறகு உளியும் அரமும் வைத்து வாரக்கணக்கில் உட்கார்ந்தால்தான் விரலுக்கு நகம் வரும், கண்ணுக்கு இமை வரும். அந்த ராவுகிற வேலையில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா இல்லை நேரம் போவது தெரியவில்லையா, அதைப் பாருங்கள். நீங்கள் தண்ணீர் கொட்டினதைப் பற்றி எழுதியதைவிட பேப்பர் சுரண்டினதைத்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது நல்ல அறிகுறி.

தறிவீட்டுப் பெண்:
கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். திருபுவனத்தில் பட்டுத்தறி இருந்த வீட்டில் பிறந்தவள். புடவையைப் பார்த்து ஊரே வாய் பிளக்கும், அப்பாவுக்குக் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனது யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் பாவு நூல் ஈரம் இழுத்துக்கொண்டால் தறி ஓடாது, கூலியும் கிடையாது. நான் இப்போது கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் கேஷியர். நோட்டு எண்ணுவதில் என்ன ஆனந்தம் என்று கேட்பார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது, ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன், ஆறரைக்கு மாடியில் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். எனக்கு சந்தோஷம் அந்த ஆறரைக்குத்தான், அதற்குக் காசு கொடுப்பது இந்த கேஷ் கவுண்டர். கையில் அழுக்குப் படுகிற வேலை எல்லாம் உயர்ந்தது, கம்ப்யூட்டர் வேலை எல்லாம் உயிரில்லாதது என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தறிக்குழியில் இறங்கினதே இல்லை.

லோ வோல்டேஜ்:
விட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளாதீர்கள், கற்றுக்கொண்டு விடுங்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருடம், அதற்கு வழியில்லை என்றால் லீவு கிடைக்கும்போதெல்லாம் கடையில் போய் நில்லுங்கள், ஒரு மோட்டாரை அவர் தொடாமல் நீங்களே கட்டி அது ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்க ஓடட்டும். அம்மாவிடம் அதுவரை வாய் திறக்க வேண்டாம்.

மன்னைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கேஷியர் அக்கா, உங்கள் பதில்தான் ரொம்பக் குத்தியது.

நேற்று அண்ணனுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். சிரித்தார். கம்பி சுற்ற ஆள் பிடித்துவிடலாம் தம்பி, கணக்கு பார்க்கத்தான் ஆள் இல்லை என்றார். அறுவடை முடிந்து தருகிறேன் என்று சொல்லிப் போனவர்களின் பாக்கி நாலு வருடமாக ஒரு நோட்டில் கிடக்கிறதாம், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று அவருக்கே தெரியாதாம். பொங்கல் லீவில் வந்து அதை முதலில் ஒழுங்குபடுத்திக் கொடு, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மோட்டாரையும் கட்டு என்கிறார். ஆறு வருடமாக எந்த வேலையை விட்டு ஓடப் பார்க்கிறேனோ அதே வேலை!

சரி என்று சொல்லிவிட்டேன். நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது வரியில் எங்கள் சித்தப்பா, 1,800 ரூபாய்.