44 வயதில் ரீச்சரை மாற்றினால் சரளி வரிசையிலிருந்தா தொடங்க வேண்டும்?

கேள்வி (கல்லடியிலிருந்து):
ஆறு ஆண்டுகள் ஒரே ஆசிரியரிடம் கர்நாடக இசை வாய்ப்பாட்டுக் கற்று, அடிப்படைப் பயிற்சிகளைத் தாண்டி இரண்டு வர்ணங்கள் (ஒருவகை உருப்படி) வரை வந்திருந்தேன். அவர் கொழும்புக்குக் குடிபெயர்ந்ததால் புதிய ரீச்சரிடம் சேர்ந்துள்ளேன். முதல் வகுப்பிலேயே அவர் என் சுருதியை (பாடும் ஆதார ஸ்வரத்தின் உயரத்தை) ஐந்து கட்டையிலிருந்து நாலரைக் கட்டைக்குக் குறைத்து, தொடக்கநிலை ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) பாடச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளைகளின் நடுவே அமர்ந்து அதைப் பாடுவது, உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருக்கிறது. இது வழமைதானா?

மறுமொழி (காரைதீவிலிருந்து):
வழமைதான். நானும் கற்பிப்பவள் என்பதால் சொல்கிறேன்: மந்திர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமமும் தார (மேல்) ஸ்தாயிப் பஞ்சமமும் இறுக்கமின்றி அகாரத்தில் (‘ஆ’ என்று பாடும்போது) நிற்கின்றனவா என்று பார்த்தே சுருதியை முடிவு செய்வோம், வயதோடு குரல் சற்று இறங்குவதும் இயல்பே. சரளி வரிசை பாடும் ராகமும் 15ஆவது மேளகர்த்தாவும் (தாய் ராகமும்) ஆன மாயாமாளவகௌளையில் ஸட்ஜத்தை (ஸ) ஒட்டியே ரிஷபமும் (ரி), பஞ்சமத்தை (ப) ஒட்டியே தைவதமும் (த) அமைந்திருப்பதால், வர்ணத்தின் வேகத்தில் மறைந்துபோகும் சுருதிப் பிசகு அங்கே உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ரீச்சர் உங்களைக் கீழிறக்கவில்லை, கேட்டுப் பார்க்கிறார்.

மறுமொழி (களுவாஞ்சிக்குடியிலிருந்து):
நான் 51 வயதில் வயலின் ஆசிரியரை மாற்றியவன். வில் பிடிப்பையே மறுபடி பழக நேர்ந்தது. எத்தனை வாரம் இப்படிப் போகும் என்று பணிவாகக் கேளுங்கள். பழைய ஆசிரியரின் வர்ணப் பாடத்தைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாடபேதம் (ஆசிரியருக்கு ஆசிரியர் பாடம் வேறுபடுவது) இருக்கலாம், ஆனால் "அவர் இப்படித்தான் சொல்லித்தந்தார்" என்று வகுப்பில் வாதிட வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. பிள்ளைகள் இல்லாத நேரம் ஒன்றையும் கேட்டுப் பார்க்கிறேன்.