தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது

1998 டிசம்பரில் சென்னைக்கு வந்த இராமேஸ்வரம் ரயிலில் என் மடியில் ஒரு பானை இருந்தது. மானாமதுரையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடம் செய்யும் குடும்பம். ஊருக்கு விடுமுறையில் போயிருந்த என்னிடம் அந்த வீட்டு அக்கா, மயிலாப்பூரில் ஒரு வித்துவானிடம் சேர்க்கச் சொல்லி அதைக் கொடுத்தார். வைக்கோல் சுற்றி, பழைய சேலைத் துணியால் கட்டி, மேலே ஒரு சாக்கு. "தம்பி, இதைப் பானை என்று நினைக்காதே. பச்சைப் பிள்ளை. மடியை விட்டு இறக்காதே" என்றார். எழும்பூர் வரும்வரை நான் இறக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் காரைக்குடியில் இறங்கும்போது, "உள்ளே என்ன, குலதெய்வமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். சங்கீதத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டீக்கடை ஸ்பீக்கரிலும் கோயில் திருவிழாவிலும் கேட்டதுதான்.

வித்துவான் வீடு கபாலீசுவரர் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். துணியைப் பிரித்ததும் அவர் பானையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தரையில் வைத்தபடியே ஆள்காட்டி விரல் நகத்தால் கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு வயிற்றுப் பகுதியில் நாலைந்து இடங்களில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே அதே காத்திருப்பு. கடைசியில், "ஐந்து கட்டைக்குச் சரியாக நிற்கிறது. பெண்கள் கச்சேரிக்கு ஆகும்" என்றார். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில்தான் சொல்வார்கள்.

மிருதங்கத்தைப் போல வாரைத் தட்டிக் கடத்தின் சுருதியைக் கூட்டிவிட முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சூளையில் எப்படி வெந்து வந்ததோ அதுதான் அதன் சுருதி. அதனால்தான் கடக் கலைஞர்கள் கட்டைக்கு ஒன்றாகப் பல கடங்கள் வைத்திருக்கிறார்கள். மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. விரல் நோகும். ஆனால் அந்த வெண்கல நாதம் வேறு மண்ணில் வராது என்று அவர் சொன்னபோது, நான் செய்ததைப் போல எனக்குப் பெருமையாக இருந்தது. "இன்று மாலை வாசிக்கிறேன், வாருங்கள்" என்றார். போனேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றே சொல்ல வேண்டும். பாட்டு தெலுங்கு. ராகத்தின் பெயர் தெரியாது. கடக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து, பானையின் வாயை வயிற்றில் அணைத்தபடி, பாதி நேரம் வாசிக்காமலே இருந்தார். பிறகு பெரிய உருப்படி முடிந்து பாடகி பாட்டை நிறுத்தி, மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். அடுத்த நொடி அரங்கில் நாற்காலிகள் மடங்கும் சத்தம். எனக்கு முன்னால் இருந்த வரிசை முழுவதும் எழுந்தது. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்து நானும் எழுந்தேன். மேடையைப் பார்த்தால் யாரும் எழவில்லை. மிருதங்கம் தொடங்கிவிட்டது. மறுபடி உட்கார்ந்தேன். பாட்டு நின்று தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் அந்தப் பகுதிக்குத் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி, என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மிருதங்கம் ஒரு சுற்று வாசித்து விட்டதும் கடம் எடுத்துக்கொண்டது. அப்போது நான் கேட்டது என் தெருவை. எங்கள் ஊரில் பச்சைப் பானையை உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குவார்கள். சாதாரணப் பானைக்குத் தட்டுவதைப் போலப் பல மடங்கு கடத்துக்குத் தட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். அதை நான் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். மயிலாப்பூரில், பாதி காலியான அரங்கில், அது எட்டு எண்ணிக்கைக்குள் மடங்கி மடங்கி விழுவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. வெளியே போனவர்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது தனி முடிந்து, கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடா தொடங்கியிருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை நான் கேட்ட எந்தக் கச்சேரியிலும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்ததில்லை. சிறுநீர் முட்டினாலும் எழுந்ததில்லை. நண்பர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்துக் கொடுத்த வரிசையைத்தான் இன்றும் பெரும்பாலான கச்சேரிகள் பின்பற்றுகின்றன. வர்ணம், கீர்த்தனைகள், முக்கிய உருப்படி, தனி, பிறகு துக்கடாக்கள், மங்களம். தனி வரும்போது உட்கார்ந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கால் மரத்திருக்கும். கேண்டீனிலிருந்து அடை வாசனை வரும். எல்லாம் எனக்கும் தெரியும், அடை அவியல் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்த இருவருக்குத் தங்கள் வித்தையைச் சொல்லக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் முதுகைக் காட்டுவது எனக்குப் பொறுக்கவே இல்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

தாளம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மதியக் கச்சேரியில் பக்கத்து நாற்காலியில் இருந்த முதியவர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: மாலை ஏழு மணிக்குப் பெரிய பெயர்களைத் தேடி ஓடாதீர்கள், மதியம் போங்கள். பெரும்பாலான சபைகளில் மதியத்துக்கு டிக்கெட் கிடையாது. இருபது பேர் இருப்பார்கள். பாடுகிற பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். கையும் குரலும் நடுங்கும். அப்படிப்பட்ட ஒரு மதியம்தான் அது. நான் தொடையில் கண்டபடி தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பெரியவர் ஒன்றும் பேசாமல் என் வலது கையைப் பிடித்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. "ஆதி" என்றார். அந்தக் கச்சேரி முழுவதும் அவர் கையைப் பார்த்தே போட்டேன்.

அந்த மாதம் முழுக்க அவரைத் தேடித் தேடிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிச்ர சாபு தாளத்தில் நான் தொலைந்துபோனபோது, "எண்ணாதே தம்பி, சொல்லு. தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும்" என்றார். எண்ணுவதை விட்டுச் சொல்லத் தொடங்கியதும் தாளம் தானாக வந்து நின்றது. மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர் என்பதையும், அவருக்காக மேடையில் உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ள மறுத்த பிடில்காரர்கள் இருந்ததையும், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றதையும் அவர்தான் சொன்னார். மிருதங்கக்காரர் பார்ப்பவர்களுக்கு இடப்புறம் உட்கார்ந்தால்தான் வலந்தலை என்கிற வலப்பக்க முகம் சபையைப் பார்த்து இருக்கும். இடதுகைக்காரர் என்றால் எதிர்ப்புறம் போக வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்தில் எவ்வளவு பெரிய மனங்களும் சிறிய மனங்களும் தெரிந்துவிடுகின்றன! அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. பெயரைக் கூட நான் கேட்டுவைக்கவில்லை.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனது அதற்குப் பிறகு. தமிழிசைச் சங்கம் 1943இல் தொடங்கியது, தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் துக்கடா இடம்தானா என்ற கோபத்தில் பிறந்தது என்பதைப் படித்திருந்தேன். அங்கே ஒரு டிசம்பர் இரவில் முழுக்க முழுக்கத் தமிழிலேயே கேட்டபோதுதான், வரி புரியும்போது நிரவல் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று தெரிந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது ஏன் என்ற கேள்வியே எழவில்லை.

ஒரு சபையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சபையின் பெயர் வேண்டாம். தனி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி செத்தது, மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் ஏதோ காரணத்தால் எடுக்கவில்லை. கதவோரத்தில் ஒரு விளக்கு மட்டும். மேடையில் இருவரும் நிறுத்தவில்லை. முதலில் எங்கோ தூரத்தில் கேட்பதைப் போல இருந்தது. பிறகு அரங்கம் அடங்கியது. எழுந்து போகப் பாதி வழி வந்தவர்கள் இருட்டில் நடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்க முகத்தில் அப்பிய ரவைக்கு இப்படி ஒரு கும்காரம் உண்டு என்பதை அதுவரை ஒலிபெருக்கி எனக்குச் சொன்னதில்லை. கடத்தின் வாயைக் கலைஞர் வயிற்றிலிருந்து கொஞ்சம் விலக்கும்போது வரும் அந்தக் காற்று நிறைந்த 'கூம்' ஓசை, பின்வரிசைவரை தெளிவாக வந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொன்னதன் பொருள் எனக்கு அந்த இருட்டில் விளங்கியது. குறைப்புக்கு வந்தார்கள். இருவரும் மாறி மாறி, இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து கோர்வை என்ற முடிவுக் கணக்கை வைத்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் விழுந்தபோது, பாடகர் சரியாக அந்த இடத்தில் பல்லவியை எடுத்தார். இருட்டில் கைத்தட்டல். அதற்குப் பிறகுதான் விளக்கு வந்தது. வழியில் நின்றவர்கள் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

2017 அக்டோபரில் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. எல்லோரும் மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் பற்றி எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று, அச்சகத்து நண்பர் ஒருவர் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் மேடை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த குழு. திறந்தவெளி. கானா, ராப், பறை, சட்டி. எனக்கு அங்கே ஒன்று கண்ணில் பட்டது, இன்றுவரை மறக்கவில்லை. பாட்டு நின்று தோல் கருவிகள் மட்டும் தனியாக வாசித்தபோது ஒருவரும் வெளியே போகவில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சபையில் கூட்டத்தைக் கலைக்கிற அதே நேரம் இங்கே கூட்டத்தைச் சேர்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் வாயால் சொல்கட்டு போல ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "எங்கேயும் இல்லை அண்ணா, சாவு வீட்டில் கேட்டது" என்றான். அவன் சொன்ன கணக்கு எங்கும் பிசகவில்லை. எனக்குத் தாளம் சொல்லிக்கொடுத்த பெரியவர் இருந்திருந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அந்த இரவுக்குப் பிறகு டிசம்பர் வந்தால் இரண்டு பக்கமும் போகிறேன். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவும் நடக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். தோலும் மண்ணும் பேசுவது எங்கேயும் ஒரே மொழியில்தான்.

திருமணத்துக்குப் பிறகு பெரம்பூருக்குக் குடிவந்துவிட்டேன். மயிலாப்பூரிலிருந்து 29சி பிடித்தால் நேராக வீடு. கடைசி பஸ்ஸுக்காக மங்களத்தை விட்டு ஓடிய இரவுகளும் உண்டு. அதற்காக மட்டும் என்னை யாரும் திட்டலாம்.

சென்ற டிசம்பரில் ஒரு மதியக் கச்சேரி. பாடியவரும் பெண், கடம் வாசித்தவரும் பெண், வயது இருபத்தைந்து இருக்கும். சுகன்யா ராம்கோபால் என்ற ஒருவர் எத்தனையோ எதிர்ப்புக்கு நடுவில் கடத்தோடு மேடையேறியதால்தான் இந்தப் பெண்ணுக்கு இந்த இடம் இவ்வளவு இயல்பாகக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தனியில் பதினோரு பேர் இருந்தோம். எண்ணினேன். அருமையாக வாசித்தாள். முடிந்ததும் மேடையோரம் போய் நின்றேன். மிருதங்கக்காரர் தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மானாமதுரைக் கடமா அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாம் மாமா. என் குருவுடையது. அவருக்கு ஊரிலிருந்து ஒருவர் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாம். வாங்கி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்பார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. கையை நீட்டினேன். அவள் என்ன நினைத்தாளோ, கடத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். அதே கனம். கழுத்தருகே, விரல் பட்டுப் பட்டு மண் கறுத்து வழவழப்பாகியிருந்தது. நகத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு, அவர் அன்று செய்ததைப் போல ஓசை அடங்கும்வரை காத்திருந்தேன்.

கொண்டுவந்தது நான்தான் என்று சொன்னேன். அவள் உடனே குருவுக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் இப்போது வாசிப்பதில்லையாம். விரல் மூட்டு வலி. போனை என்னிடம் கொடுத்தாள். பழைய கதையெல்லாம் அவர் பேசவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

"இவளுக்கு ஐந்தரைக் கட்டையில் ஒன்று வேண்டும். நான் அந்த வீட்டில் சொல்லிவைக்கிறேன். வைக்கோல் நிறையச் சுற்றச் சொல்லுங்கள்."

டிக்கெட் எடுத்துவிட்டேன். போகும்போது எந்த இருக்கையானாலும் சரி, திரும்பி வரும்போது கீழ்ப்படுக்கை வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.